சுவர்ப் பக்கம் திருப்பிய கட்டில்

அன்புள்ள என் வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இருக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம், அவ்வளவுதான். போனில் பேசினால் நீ அழ ஆரம்பிக்கிறாய், நான் வைத்துவிடுகிறேன். போன தடவை அதுவும் இல்லை, உம் என்றாய், சரி என்றாய், முடித்துக்கொண்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கண்ணாடி போட்டும் எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொண்டு படி.

உன் அண்ணன் உன்னிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். அப்பா கடைசியில் கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார், எங்கள் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தபடியே போய்விட்டார் என்று சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அதைக் கேட்டுவிட்டு, அப்பா என்னை மன்னிக்காமலே போய்விட்டார் என்று நீ எழுதி அனுப்பியிருந்ததை அண்ணி எனக்குப் படித்துக் காட்டினாள். அன்றைக்கு உனக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, சும்மா இருந்துவிட்டேன். இப்போது தெரியும். அவர் கட்டிலைத் திருப்பிய காரணம் வேறு. அதை உனக்குச் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி பாரம் இறங்கும், ஆனால் அதற்கு முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எடுத்த எடுப்பில் சொன்னால் உனக்கு விளங்காது.

அப்பாவைப் பற்றி எனக்கே சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்பாய். நீ கடைக்குட்டி, நீ பார்த்ததெல்லாம் கண்ணாடித் தொழிற்சாலை அப்பாவைத்தான். பட்டாளத்து அப்பாவை நானும் பார்த்ததில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆகும்போதே சண்டை முடிந்து, காக்கிச் சட்டையை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு வந்திருந்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் ரொட்டி கல்லு மாதிரி இருக்கும் என்பார், மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சொல்வார், அதோடு சரி. துப்பாக்கி பிடித்ததைவிட ஸ்ட்ரெச்சர் பிடித்ததுதான் அதிகம் என்பது மட்டும் தெரியும். அடிபட்டவனைத் தூக்கும்போது முன்பக்கம் இவர், பின்பக்கம் இவருடைய பட்டாளத்துக் கூட்டாளி, நம் மாமா. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு மிருகமாகவே அங்கே பேசுவார்களாம், இவர் முன்னங்கால், அவர் பின்னங்கால். நீ நடக்கப் பழகி அவர்கள் இரண்டு பேர் பின்னாலேயே சுற்றினபோது, நாலு காலும் இருந்து என்ன, வால் இல்லாம இருந்துச்சு, இப்ப வந்துடுச்சு என்று பேர் வைத்ததே பின்னங்கால் மாமாதான், அது உனக்கும் தெரியும். சண்டை முடிந்த பிறகும் இரண்டு பேரும் பிரியவில்லை, ஒரே தொழிற்சாலையில் ஆளுயரக் கண்ணாடித் தகட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தார்கள். மணிக்கட்டில் தோல் பட்டை கட்டிக்கொண்டு, தகட்டை நிமிர்த்திப் பிடித்து, ஒருத்தர் இடது காலை வைத்தால் மற்றவர் வலது காலை வைத்து நடப்பார்கள். இரண்டு பேரும் ஒரே காலை எடுத்து வைத்தால் தூக்குகிற பொருள் ஊஞ்சல் மாதிரி ஆடும், ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவனுக்குக் காயம் குலுங்கும், அதனால் அப்படி. நம் வீட்டு அலமாரியை நீயும் அண்ணனும் நகர்த்தும்போது, கால் மாத்து, கால் மாத்து என்று அவர் பின்னாலேயே வருவாரே, அது அங்கே கற்றது.

அவரோடு வாழ்ந்த காலத்தில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு, அது வீட்டுக்கே தெரிந்த குறை. வெளியே கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஊரில் உலகத்தில் எல்லோரும் சொல்வதுதானே. வாசலில் செருப்பை மாட்டுவார், திரும்பி எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்ப்பார், படி இறங்கிவிடுவார். நான் புதுப்பெண்ணாக இருந்தபோது அழுதிருக்கிறேன், நாலு வருஷம் கழித்துச் சண்டை போட்டிருக்கிறேன், அப்புறம் கிண்டல் பண்ண ஆரம்பித்தேன். வரேன்னு சொன்னா வாய் தேய்ஞ்சா போயிடும் என்று கேட்டால், வரலைன்னா கேளு என்பார். வராமல் இருந்ததும் இல்லை. மழையோ வேலைநிறுத்தமோ, தொழிற்சாலைச் சங்கு ஊதி அரைமணி நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். எதற்கும் வாக்குக் கொடுக்க மாட்டார். நீ சைக்கிள் கேட்டாய், பார்க்கலாம் என்றார். அண்ணன் சுற்றுலா போகக் கேட்டான், பார்க்கலாம் என்றார். உங்கள் அப்பாவுக்குப் பார்க்கலாம் என்று பேர் வைத்துவிட்டு இரண்டு பேரும் கூடிக்கூடிச் சிரித்தீர்கள். ஆனால் சைக்கிள் வந்தது, அண்ணனும் போனான், சொல்லாமலே எல்லாம் நடந்தது. உனக்கு வலி எடுத்து நான் படி இறங்க முடியாமல் கிடந்த அன்று, அடடா, உன்னைப் பெறத்தான் சொல்கிறேன், இவரும் பின்னங்காலும் என்னைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி இறக்கினார்கள். வழியெல்லாம் நான் இவர்களைத் திட்டினேன், இவர்கள் கால் மாற்றி மாற்றி வைத்து இறங்கினார்கள், ஒரு ஆட்டம் இல்லை. எனக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது உனக்குத் தலை பின்னிவிட்டது யார் என்று நினைவிருக்கிறதா. கட்டுத்துணி சுற்றிப் பழகின கை, அவர் பின்னினால் சாயந்திரம் வரை ஒரு முடி அவிழாது, உன் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் உனக்கு ஜுரமா என்று கேட்டாளே. இப்படி ஒரு மனிதர் ஒரு வார்த்தைக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

நீ விமானம் ஏறின நாளையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நீ மனதில் வாங்கியது இன்னும் உள்ளே இருக்கிறது, எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, வரேன்பா என்று நீ வாயெடுத்தாய். அவர் உன் வாயைக் கையால் பொத்தினார். சொல்லாத, போ என்றார். பெற்ற அப்பா மகளைப் பார்த்துப் போ என்பாரா. நீ உள்ளே போனாய், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் வண்டி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, விரலால் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன். இருமலும் மூச்சுத் திணறலும் உனக்குத் தெரிந்த கதை. குளியலறையில் விழுந்த பிறகு அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. படுக்கையறைக் கதவில் கட்டில் திரும்பவில்லை, அதனால் கூடத்திலேயே போட்டோம், தலை ஜன்னல் பக்கம், கால் சமையலறைப் பக்கம், கண்ணைத் திறந்தால் நேரே வாசல் கதவு. யார் வந்தாலும் முதலில் அவர்தான் பார்ப்பார். தினமும் ஊசி போட வரும் பெண்ணைப் படியில் கேட்கும் நடையிலேயே கண்டுபிடித்து, இன்னைக்குச் செருப்பு புதுசு போலிருக்கு என்பார், அவளும் சிரிப்பாள். நீ போன மாதம் பேசினாயே, அந்தப் போனைத்தான் சொல்ல வந்தேன். அண்ணன் போனைச் சத்தமாக வைத்து அவர் நெஞ்சின்மேல் வைத்திருந்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்பா, கிடைச்சதும் ஓடி வந்துடறேன், நீங்க தைரியமா இருங்க, கண்டிப்பா வரேன்பா என்று நீ சொன்னாய். சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்றார். அண்ணன் வேலைக்குக் கிளம்பிப் போனான். அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு என்னிடம், அவ வரமாட்டா என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நல்ல வார்த்தையே உங்க வாயில வராதா, பொண்ணு உருகி உருகிச் சொல்றா, அதைக் கேட்டுட்டு இப்படிச் சொல்றீங்களே என்று கத்திவிட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. நான் அவளைக் குத்தம் சொல்லலை, அவ மனசாரத்தான் சொல்றா, சொல்ற நேரத்துல அது நிஜந்தான், ஆனா வரமாட்டா, எனக்கு அந்தக் குரல் தெரியும் என்றார். எந்தக் குரல், யாருக்குத் தெரியும், எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். அண்ணன் வேலை முடிந்து வந்ததும் அவனைக் கூப்பிட்டு, கட்டிலைத் திருப்பிப் போடுடா, சுவத்துப் பக்கமா முகம் இருக்கற மாதிரி என்றார். எதுக்குப்பா, வெளிச்சம் கூசுதா, திரை போடட்டுமா என்று அவன் கேட்டான். திருப்பு என்றார். அவருக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் மூச்சு வரும், அந்தப் பக்கம் இப்போது சுவர் வந்துவிட்டது, வாசல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. உன் அண்ணன் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தான், அண்ணி கால்மாட்டைப் பிடித்தாள், அந்த நிலைமையிலும் அவர், கால் மாத்து என்றார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவர் முதுகைத்தான் பார்த்தார்கள். தொழிற்சாலையிலிருந்து பழைய ஆட்கள் வந்தார்கள், முதுகிடம் பேசிவிட்டுப் போனார்கள். ஊசிப் பெண் முகம் வாடிப்போனாள். உன் அண்ணனுக்கு அது பெரிய அடி. தூக்கி எடுத்து, குளிப்பாட்டி, துணி மாற்றி எல்லாம் செய்தவன் அவன், என் மூஞ்சியைப் பார்க்கக் கூடப் பிடிக்கலையாம்மா என்று சமையலறையில் நின்று கேட்டான். எனக்கும் உள்ளே எரிந்தது. ஆனால் கஞ்சி ஊட்ட வேண்டுமே, முகம் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலி போடுகிற அளவுக்குத்தான் இடம், முதுகு சுவரில் இடிக்கும், முட்டி கட்டிலில் இடிக்கும், அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். எண்பது வயசுல என்னை எலி மாதிரி சந்துல உட்கார வெச்சுட்டீங்களே என்றேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. ஏங்க, எங்க மேல கோபமா என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அப்ப வாலு மேலயா என்றேன். அவ மேல எனக்கு எப்படிம்மா கோபம் வரும் என்றார். அப்புறம் ஏன் இப்படிக் கிடக்கறீங்க என்றதற்குக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொல்ல வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டால் இடித்துக் கேட்டாலும் வராது, அது உனக்கும் தெரியும்.

அவர் போனது அந்தச் சந்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதுதான். காலை நேரம், தண்ணீரில் நனைத்த துணியால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்ததை முழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று திட்டிக்கொண்டே துடைத்தேன். சின்னப் பிள்ளையா நீங்க, முழுங்குங்க என்று இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகுதான் நான் யாரையும் திட்டவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தபடி இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு போனார் என்று அண்ணன் சொன்னது அந்த வகையில் தப்பு, நடுவில் நான் இருந்தேன். கத்தக் கூட முடியவில்லை, அந்தச் சந்திலிருந்து சட்டென்று எழுந்து வெளியே வரவும் முடியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி வந்து கட்டிலை இழுக்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பழைய பட்டாளத்துக்காரர் சங்கத்திலிருந்து ஆறு பேர் சீருடையில் வந்தார்கள், கொடி கொண்டுவந்து போர்த்தினார்கள், மரியாதையாகத்தான் செய்தார்கள். மாடியிலிருந்து அவரை இறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்ததும் ஆறு பேரும் ஒரே காலை எடுத்து வைத்து டக் டக்கென்று நடந்தார்கள், அதுதான் அவர்கள் முறை. அவரை வைத்திருந்த பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பின்னங்கால் மாமா திடீரென்று, காலை மாத்துங்கடா, ஆடறான் பாருங்க, காலை மாத்துங்கடா என்று கத்த ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் திக்குவாய், சாதாரணமாக ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், அன்றைக்கு ஒரு எழுத்து திக்கவில்லை. வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, கிழவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். உன் அண்ணன் போய் முன்னால் இருந்த ஒருவரை விலக்கிவிட்டுத் தான் பிடித்துக்கொண்டான், காலை மாற்றி வைத்தான், மற்றவர்களையும் மாற்ற வைத்தான். அதன் பிறகு ஆடவில்லை.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு ஒருநாள் பின்னங்கால் மாமா என்னைப் பார்க்க வந்தார். கீழ் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து விட்டுப் போனார்கள். வந்தவர் கட்டிலைப் பார்த்தார். நான் அதைத் திருப்பிப் போடாமல் சுவர்ப் பக்கமாகவே விட்டிருந்தேன், தொட மனம் வரவில்லை. இது ஏன் தங்கச்சி இப்படிக் கிடக்கு என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உன் போன், அவ வரமாட்டா என்று அவர் சொன்னது, கட்டிலைத் திருப்பியது, அண்ணன் உன்னிடம் சொன்னது, நீ எழுதியது எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், கேட்கக் கேட்க முகம் கோணிக்கொண்டு வந்தது, பிறகு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்புறம் திக்கித் திக்கிச் சொன்னார், நான் சேர்த்து எழுதுகிறேன்.

சண்டையில் இவர்களிடம் இருப்பது ஒரு ஸ்ட்ரெச்சர், கீழே கிடப்பது பத்துப் பேர். பிழைக்கிறவனைத்தான் தூக்க வேண்டும், பிழைக்க மாட்டான் என்று தெரிந்தவனை விட்டுவிட வேண்டும், அது உத்தரவு. விடுகிறோம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது. அதனால் உன் அப்பா குனிந்து அவன் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெயில் படாமல் கண்ணில் துணி போட்டு, உன்னை எடுக்க வரேன், இங்கயே இரு என்று சொல்வாராம். பின்னங்காலால் அது முடியாது, நான் வ வ வ-ன்னு ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் போயிடுவான் தங்கச்சி என்று அழுகையிலும் சொன்னார். அதனால் சொல்கிற வேலை எப்போதும் அப்பாவுடையது. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டு வேறு ஒருவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சுருட்டை என்று ஒரு பையன், இருபது வயது இருக்குமாம், தலைமுடி சுருட்டையாக இருக்கும். வயிற்றில் அடி. அவனிடமும் அப்படியே சொல்லி, முகம் மலைமேட்டைப் பார்க்கும்படி கிடத்தி, துணி போட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். மறுபடி மேலே போகக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. மறுநாள் சண்டை ஓய்ந்து, கிடப்பவர்களை எடுக்கப் போனார்கள். மற்றவர்கள் எல்லோரும் விட்டது விட்டபடி கிடந்தார்கள். சுருட்டை மட்டும் விட்ட மாதிரி இல்லை. கண்ணில் போட்ட துணியை எடுத்துவிட்டிருக்கிறான், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு முழங்கையை ஊன்றி ஊன்றி உடம்பையே திருப்பியிருக்கிறான், மண்ணில் முழங்கை உழுத தடம் இருந்ததாம். இவர்கள் இறங்கிப் போன ஒற்றையடிப் பாதையைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தான், கண் இரண்டும் திறந்தபடி. ரொம்ப நேரம் உயிரோடு இருந்திருக்கிறான். எடுக்க வருவார்கள் என்று பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாராம், எழுப்பி எழுப்பிப் பார்த்தும் எழுந்திருக்கவில்லையாம். கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, இனிமே அந்த வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன் என்றாராம். சுருட்டை பாதையைப் பாக்காம வேற எங்கயாவது பாத்துட்டுச் செத்திருந்தான்னா இவன் இத்தனை வருஷம் தூங்கியிருப்பான், அந்தப் பாதையில வந்து நின்னது இவன்தானே என்று சொல்லிவிட்டு மாமா கட்டிலைக் காட்டினார். பொண்ணுக்கு அது வேண்டாம்னு திருப்பிட்டான் தங்கச்சி என்றார்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ வரமாட்டாய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்த வார்த்தையை அதே குரலில் எத்தனை பேரிடம் சொன்னவர் அவர். வாசலைப் பார்த்தபடி கிடந்தால் அவராலும் பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்துக்கொண்டே போய்விடுவார், அப்புறம் யாராவது ஒருத்தர் உன்னிடம், அப்பா கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடுவார்கள். அதை நீ ஆயுசுக்கும் சுமப்பாய், அவர் சுமந்த மாதிரி. அதற்குத்தான் முகத்தைச் சுவருக்குக் கொடுத்தார். பாவம் மனிதர், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது, நாங்கள் அதைவிட மோசமானதை உன் காதில் போட்டுவிட்டோம். அவர் உன்மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. விமான நிலையத்தில் உன் வாயைப் பொத்தியதும் இதற்காகத்தான், அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்து உன்னைக் கட்டிப்போடக் கூடாது என்றுதான். போ என்றது உன்னைக் கட்டவிழ்த்து விடுவதற்காக, துரத்துவதற்காக இல்லை.

இதையெல்லாம் உன் அண்ணனிடம் சொன்னபோது அவன் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உனக்குப் போன் பண்ண அவனுக்கு முகம் இல்லை, நீயே கூப்பிடு, அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதே, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவன் அவன்தான். வேலை முடிந்து வந்து தினமும் இங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான். அண்ணி என்னை அவர்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறாள், இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். முட்டி வலிக்கிறது, படி இறங்குவது குறைந்துவிட்டது, மற்றபடி கண்ணும் காதும் ஓடுகிறது. ஜன்னலோரச் செடிக்கு நீ அன்றைக்குச் சொன்னபடி மண் மாற்றினேன், பிழைக்குமா தெரியவில்லை. பேரன் படிக்கிறேன் என்று இரவெல்லாம் விழித்திருக்கிறான் என்றாயே, விடாதே, தூக்கம் கெட்டால் படித்ததும் நிற்காது. மாப்பிள்ளை முதுகுவலியை அலட்சியம் பண்ண வேண்டாம் என்று சொல்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. லீவு கிடைக்காதது உன் தப்பில்லை, அந்தக் காகிதம் இந்தக் காகிதம் என்று நீ அலைந்ததும் எனக்குத் தெரியும், ஆனாலும் இருக்கிறது, பெற்றவளிடம் நியாயம் பேசாதே. அவர் உன்னை மன்னிக்க வேண்டியது ஒன்றுமே இல்லை என்று நினைத்தவர். நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் மன்னித்துவிட்டேன், இரண்டும் ஒன்றில்லை. இன்னும் கொஞ்ச நாளுக்குத் திட்டுவேன், வாங்கிக்கொள்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வாய்க்கு ருசியாய்ச் சாப்பிட்டு, நிம்மதியாய்த் தூங்கி, நீண்ட காலம் ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருங்கள். உன் தலையில் கை வைத்துச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. அம்மாவைப் பார்க்க வரேன்னு சொல்லு என்று நீ அண்ணனிடம் சொன்னதாகச் சொன்னான். கையில் டிக்கெட் இல்லாமல் அதை என்னிடம் சொல்லாதே. வர முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல், கேட்டுக்கொள்வேன். ஏனென்றால் உன் அப்பாவுக்கு இருந்த பெரிய மனசு எனக்குக் கிடையாது. அவர் கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன், அண்ணனைக் கொண்டு அதை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன், நீ வரேன் என்று சொன்னால் நான் பார்த்துக்கொண்டுதான் கிடப்பேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டிக்கொண்டும் நினைத்துக்கொண்டும் இருக்கும்
அம்மா